கடல் போன தெரு

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவைப் பார்த்துவந்தவர்கள் எழுதுவதெல்லாம் கட்டடங்களைப் பற்றித்தான். எந்த வருஷம், யார் கட்டியது, எத்தனை தூண். நம் பயணக் கட்டுரைகளுக்கு இது பழகிப்போன வியாதி. அந்தத் தெருவின் சரித்திரம் கட்டடங்களில் பாதிதான் இருக்கிறது. மீதி, அவற்றின் எதிரே இல்லாமல் போன ஒன்றில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

மலாயில் 'தெலுக்' விரிகுடா, 'ஆயர்' தண்ணீர். 1820களில் அந்தத் தெருவேதான் கரை. தென்சீனத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்தவர்கள் இறங்கிய இடம். இறங்கியவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொன்னது. இன்று ஒரே வரிசையில் நிற்கும் தர்காவும் கோயிலும் பள்ளிவாசலும் அந்த நன்றியின் ஸ்தூல வடிவங்கள். ஃபுக்கியன் சீனர்கள் 1839-க்கும் 1842-க்கும் இடையே தியான் ஹோக் கெங் கோயிலை எழுப்பினார்கள். அதன் தெய்வம் மாஸு, கடலோடிகளைக் காப்பவள். சூலியா என்றழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் 1827-ல் தொழுகைக்கு ஒரு குடிசை போட்டுக்கொண்டார்கள். அது குச்சுப் பள்ளி. 1850களில் அது செங்கல் கட்டடமாகி அல்-அப்ரார் பள்ளிவாசல் ஆயிற்று. குச்சு போய்விட்டது, ஆனாலும் பேச்சில் குச்சுப் பள்ளி என்ற பெயர் தங்கிவிட்டது.

என்னை அதிகம் யோசிக்கவைப்பது தர்காதான். 1828-க்கும் 1830-க்கும் இடையே சூலியாக்களே கட்டியது. மேலே ஒரு குட்டி அரண்மனையின் முகப்பு, கீழே ஐரோப்பியத் தூண்கள். கலைப்பாணி என்று ஒன்றைப் பெயர் சொல்லிச் சுட்ட முடியாது. வந்தவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் கலந்திருக்கிறார்கள். தர்கா என்றால் உள்ளே ஓர் அடக்கஸ்தலம் இருக்க வேண்டும். இதில் இல்லை. சாகுல் ஹமீது ஆண்டகை பதினாறாம் நூற்றாண்டில் நாகூரில் அடங்கியவர். நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை அவர் காப்பாற்றினார் என்ற கதையை நாகை மாவட்டத்தில் எந்த மதத்துக்காரரும் சொல்வார். அந்த ஞாபகத்துக்கே இங்கே ஒரு வீடு. உடல் இல்லாத தர்காவுக்கு எதிரே கடலாவது இருந்தது.

1879-ல் அதையும் தூர்க்க ஆரம்பித்தார்கள். பக்கத்திலிருந்த வாலிச் குன்றை வெட்டி அந்த மண்ணை விரிகுடாவில் கொட்டினார்கள். குன்று போயிற்று, கடலும் போயிற்று. குன்றின் பெயரில் ஒரு தெரு மட்டும் மிச்சம். தூர்த்த நிலத்தில் 1894-ல் வார்ப்பிரும்பில் எண்கோணச் சந்தை எழுந்தது. துறைமுகத்தால் பிழைக்கும் ஊருக்கு நிலம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். அதைப் பற்றி எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு வேறு. 1973-ல் தியான் ஹோக் கெங்கையும், 1974-ல் தர்காவையும் பள்ளிவாசலையும் தேசியச் சின்னங்களாக அறிவித்தார்கள். சுவரும் ஓடும் நன்றாகவே பாதுகாக்கப்படுகின்றன. பல ஊர்களில் அதுவும் நடப்பதில்லை. தர்கா 2011-ல் இந்திய முஸ்லிம் மரபுடைமை மையமாகத் திறக்கப்பட்டது. ஆனால் இக்கட்டடங்கள் எதை நோக்கி நின்றனவோ, எந்தப் பயத்திலிருந்து பிறந்தனவோ, அதைச் சின்னமாக அறிவிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. பார்வையாளன் வாசலில் நின்று எதிர்ப்பக்கம் திரும்பினால் அடுக்கு மாளிகைகள்தான் தெரியும். கடலோடிகளின் தெய்வம் ஏன் வங்கிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தோன்றாவிட்டால் அவன்மேல் குற்றமில்லை.

நாகூரில் கடல் இன்னும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று அது அந்தக் கரையை என்ன செய்தது என்பதை நாம் அறிவோம். அங்கே ஆண்டகையிடம் கேட்க இன்றும் காரணம் இருக்கிறது.

தெலுக் ஆயரிலிருந்து கிழக்கே, சந்தையையும் வங்கிகளையும் தாண்டி நடந்தால் கடைசியில் தண்ணீர் வரத்தான் செய்யும். மெரினா விரிகுடா. அதன் வாயில் 2008-ல் தடுப்பணை கட்டி உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிவிட்டார்கள். இப்போது அது ஊருக்குக் குடிநீர் தரும் ஏரி.