அகத்தாய்வும் உளப்பகுப்பாய்வும்

வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்த மனவளக்கலையின் மனப்பயிற்சிப் பகுதி அகத்தாய்வு. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், 'நான் யார்' என்பவை இதன் பாடங்கள். கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, பரஞ்சோதி மகானிடம் குண்டலினி யோகம் பயின்ற வேதாத்திரி, 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார்.

சினம் தவிர்க்கப் பயில்பவர், தமக்குச் சினமூட்டுவோரின் பெயர்களை எழுதிக்கொள்வார். வீட்டார் பெயர்களே அதில் மிகுந்திருப்பதில் வியப்பில்லை. ஒவ்வொருவராக எடுத்துக் காரணத்தை ஆராய்ந்து, இனிச் சினப்படுவதில்லை எனச் சங்கற்பம் செய்து, 'வாழ்க வளமுடன்' என்று அவரை வாழ்த்துவார். கவலைகளும் அனுபவித்தே தீர வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை என நான்காகப் பிரிக்கப்படும்.

உளப்பகுப்பாய்வு இத்தகைய பட்டியலை நம்பாது. சினத்தின் மெய்யான காரணம் நனவிலி மனத்தில் ஒடுக்கப்பட்டிருக்கும். எழுதுபவர் கைக்கு அது எளிதில் அகப்படாது என்பதே உளப்பகுப்பாய்வை நிறுவிய பிராய்டின் அடிப்படைக் கருத்து. 1897இல் தம்மைத் தாமே பகுத்தாயத் தொடங்கிய அவர், அவ்வாண்டு நவம்பரிலேயே மெய்யான தன்னாய்வு இயலாது என்று நண்பர் பிளீசுக்கு எழுதிவிட்டார். அது இயலும் என்று வாதிட்ட உளப்பகுப்பாய்வாளர் கரேன் ஹார்னியின் நூல் 1942இல் வந்தது.

சங்கற்பத்துக்கு யோக மரபில் நெடிய வேர் உண்டு. மேற்கில் அதற்கு இணையானது, ஒரு கருத்தை மனத்தில் பதியச் செய்யும் கருத்தேற்றம். அதைக் கற்க 1889இல் பிரான்சின் நான்சி நகருக்குச் சென்ற பிராய்ட், பின்னர் அறிதுயிலோடு அதையும் விட்டு, நோயாளியைத் தடையின்றிப் பேசவிட்டார். அதே நான்சி மரபில் பயின்ற எமில் குவே, மனத்துக்குத் தானே நல்லதைத் திரும்பத் திரும்பச் சொல்லும் தற்கருத்தேற்றத்தைப் பரப்பினார். பிராய்ட் கைவிட்டதையே தன்மேம்பாட்டு இயக்கங்கள் முதலாகக் கொண்டன. உளப்பகுப்பாய்வும் தன்மேம்பாடும் ஒன்றுக்கொன்று பகையல்ல, ஆனால் ஒன்று மற்றொன்றின் எளிய வடிவம் என்பது பிழை.

இந்தியாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் உளப்பகுப்பாய்வுச் சங்கம் அமைத்தார். தமிழில் நனவிலியை எளிய நடையில் அறிமுகம் செய்தவர்களுள் 'அடிமனம்' எழுதிய பெ. தூரன் முக்கியமானவர், தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியரும் அவரே.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கம் தன்னம்பிக்கை தந்த விதமோ அகத்தாய்விலும் சேராது, உளப்பகுப்பாய்விலும் சேராது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தறிவோடு சைக்கிளும் பழகிய கல்குவாரிப் பெண்கள் உள்ளிட்டோர் தன்னம்பிக்கை பெற்றார்கள். அங்கே எவரும் தம் கடந்தகாலத்தைக் கிளறவில்லை, சங்கற்பமும் சொல்லவில்லை. உளவியல் நூல்கள் இத்தகைய மாற்றத்தை அரிதாகவே கருதிப் பார்க்கின்றன.