வாசப்படி தாண்டினா...

"பரோல்"னு சொன்னா நம்ம ஊர்ல என்ன ஞாபகம் வரும்? வேலூர் ஜெயில், வீட்டுல ஒரு சாவு, ரெண்டு நாள் அனுமதி, கூடவே ரெண்டு போலீஸ்காரர். அமெரிக்காவுல இதே வார்த்தை இன்னொரு கூட்டத்துக்கும் உண்டு மக்களே. அமெரிக்கக் குடிமகளையோ குடிமகனையோ கல்யாணம் பண்ணிக்கிட்டு, அங்கேயே பச்சை அட்டைக்கு ஐ-485 படிவம் போட்டுட்டுக் காத்திருக்கிற கூட்டம். நடுவுல ஊருக்குப் போய்ட்டு வரணும்னா கையில "அட்வான்ஸ் பரோல்"னு ஒரு முன்அனுமதி இருக்கணும். அது இல்லாம விமானம் ஏறினா, விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டுட்டதா அர்த்தம். (எச்-1பி, எல்-1 மாதிரி சில விசாக்காரங்களுக்கு மட்டும் விலக்கு. அது 1999ல வந்தது.)

நான் அந்த விலக்குக்குள்ள வராத ரகம். எம்.எஸ். படிக்க வந்தவன். எச்-1 லாட்டரியில மூணு தடவை பேர் விழலை. (எங்க வீட்டுல யாருக்கும் குலுக்கல்ல ஒரு எவர்சில்வர் டம்ளர் கூட விழுந்ததில்லை, அது வேற கதை.) தங்கமணி அங்கேயே பொறந்து வளர்ந்தவ. கல்யாணம் ஆச்சு, படிவம் போட்டோம், காத்திருந்தோம். அப்பதான் சிவகங்கைப் பக்கம் எங்க கிராமத்துல அப்பத்தா படுத்த படுக்கையானாங்க.

ராத்திரி தூக்கம் வராம, இந்த விதி எங்கேர்ந்து வந்துச்சுன்னு தோண்ட ஆரம்பிச்சேன். பிழையைக் கண்டுபிடிச்சா மட்டும் போதாது, எந்த வெர்ஷன்ல உள்ளே நுழைஞ்சதுன்னும் தெரியணும் இல்லையா, தொழில் புத்தி :-) தோண்டத் தோண்ட ஒண்ணு புரிஞ்சுது. உள்ளே இருக்கிறவனை வெளியே தள்ள சட்டம் ரொம்ப மெனக்கெடணும். அவனே வாசப்படி தாண்டிட்டா வேலை சுலபம்.

முதல் ஆள், சே சான் பிங். சீனத் தொழிலாளி. 1875ல இருந்து 12 வருஷம் சான் பிரான்சிஸ்கோவுல இருந்தவர். 1887 ஜூன்ல ஊருக்குக் கிளம்பினார். சும்மா கிளம்பலை, திரும்பி வர உரிமை உண்டுன்னு அரசாங்கமே கொடுத்த சான்றிதழோட கிளம்பினார். 1888 செப்டம்பர்ல ஹாங்காங்கில கப்பல் ஏறி, அக்டோபர் 8ஆம் தேதி வந்து சேர்ந்தார். அவர் நடுக்கடல்ல இருக்கும்போது, அக்டோபர் 1ஆம் தேதி, ஸ்காட் சட்டம் வந்துடுச்சு. அந்த மாதிரி சான்றிதழ் எல்லாமே செல்லாதுன்னு ஒரே கையெழுத்து. சுமார் 20,000 பேர் கையில இருந்த காகிதம் வெறும் காகிதம் ஆச்சு. சுப்ரீம் கோர்ட் 1889ல ஒரு நீதிபதி கூட மாறுபடாம சொன்னது: திரும்பி வரலாம்னு கொடுத்தது உரிமை இல்லை, சலுகை. அரசு நினைச்சா எப்ப வேணாலும் திரும்ப எடுத்துக்கலாம்.

ஏழு நாள். கப்பல் ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா அவர் பேரே நமக்குத் தெரிஞ்சிருக்காது.

இதுல இன்னொரு வேடிக்கை. ஒரு காலத்துல பச்சை அட்டை நிலைக்கு வரணும்னா வெளியே போய்த்தான் ஆகணும். உள்ளேயே மாத்திக்கிற வசதி கிடையாது. அதனால 1935ல "முன்பரிசோதனை"ன்னு ஒரு ஏற்பாடு பண்ணாங்க. முதல்ல அமெரிக்காவுலேயே சோதிச்சுப் பார்த்து, சரின்னு பட்டா, ஆளைக் கனடாவுல இருக்கிற அமெரிக்கத் தூதரகத்துக்கு அனுப்புவாங்க. அங்க விசா வாங்கிட்டு அப்படியே திரும்பி உள்ளே வரலாம். 1952ல வந்த சட்டத்தோட 245ஆம் பிரிவுதான் உள்ளே இருந்தபடியே நிலை மாறலாம்னு சொன்னது. நாம போடற ஐ-485 அந்தப் பிரிவோட பேரப்பிள்ளை. அதாவது, வெளியே போய் வர்ற அலைச்சலை மிச்சம் பண்ண வந்த வசதி, கடைசியில வெளியேவே போகாதேன்னு ஆகிப்போச்சு!

சரி, குடிமகளைக் கட்டினவனுக்காவது கொஞ்சம் கருணை இருக்கும்னு நினைச்சேன். அப்பதான் இக்னாட்ஸ் மெசெய் கதை கண்ணுல பட்டுது. நியூயார்க் மாநிலத்துல பஃபலோ ஊர். தச்சு வேலை. 25 வருஷம் குடியிருந்தவர். மனைவி அமெரிக்கக் குடிமகள். 1948ல ருமேனியாவுல அம்மா சாகக் கிடக்கிறாங்கன்னு கிளம்பினார். திரும்பி வர்றதுக்கான அனுமதிச் சீட்டு வாங்காமலே கிளம்பினார். ருமேனியா உள்ளேயே விடலை. அம்மாவைப் பார்க்கவே முடியலை. ஹங்கேரியில 19 மாசம் மாட்டிக்கிட்டு, ஒருவழியா புடாபெஸ்ட்ல அமெரிக்கத் தூதரகத்துல விசா வாங்கி, 1950 பிப்ரவரியில நியூயார்க் துறைமுகத்துல வந்து இறங்கினார்.

எல்லிஸ் தீவுல நிறுத்திட்டாங்க. பாதுகாப்புக் காரணமாம். என்ன காரணம்? சொல்ல மாட்டோம், ரகசியம். பிரான்சுக்கு அனுப்பினாங்க, அவங்க திருப்பி அனுப்பினாங்க. பிரிட்டனும் அப்படியே. ஹங்கேரி வேணாம்னுடுச்சு. பத்துப் பன்னிரண்டு லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கு எழுதிக் கேட்டார், ஒண்ணும் நடக்கலை. நம்ம திரிசங்குவுக்காவது விசுவாமித்திரர் ஒரு சொர்க்கம் கட்டிக் கொடுத்தார். இவருக்கு ஒரு தீவு, ஒரு கட்டில்.

1953 மார்ச்சில சுப்ரீம் கோர்ட் 5-4ன்னு அவருக்கு எதிரா தீர்ப்பு சொன்னது. 25 வருஷம் வாழ்ந்ததெல்லாம் சரி, ஆனா இப்ப அவர் வாசல்ல நிக்கிற அந்நியர், அவருக்கு விசாரணை கேட்க உரிமை இல்லை. அவர் கைதி இல்லையாம், மேற்கு தவிர எந்தத் திசையில வேணாலும் போகலாம்னு அரசு வக்கீல் வாதாடினார். (மேற்கேதான் அமெரிக்கா!) மாறுபட்ட நீதிபதி ஜாக்சன், அந்த ஆள் நீரிலும் நிலத்திலும் வாழற பிராணியா இருந்தா இது சுதந்திரம்தான்னு குத்தினார். 1954 ஆகஸ்ட்லதான் மெசெய் வெளியே வந்தார். எப்படின்னு நினைக்கறீங்க? பரோல்ல!

அங்கேதான் அந்த வார்த்தையோட முழு அர்த்தம் எனக்கு உறைச்சுது. பரோல்ல வர்றவன் உடம்பால உள்ளே இருப்பான், சட்டத்தோட கண்ணுக்கு இன்னும் வாசல்லயே நிப்பான். அட்வான்ஸ் பரோல் கையில இருந்தாலும் விமான நிலையத்துல உள்ளே விடுவாங்கன்னு உத்தரவாதம் இல்லை. விண்ணப்பம் கைவிட்டுப் போகாது, அவ்வளவுதான்.

நல்லது எதுவுமே நடக்கலையான்னா, நடந்தது. ஃப்ளூட்டின்னு ஒரு சுவிட்சர்லாந்துக்காரர், 1952ல நிரந்தரக் குடியேறியா வந்தவர், 1956ல மெக்சிகோவோட என்செனாடாவுக்கு ரெண்டு மணி நேரம் போய்ட்டு வந்தார். அது "புது நுழைவு"ன்னு சொல்லி வெளியேத்தப் பார்த்தாங்க. 1963ல கோர்ட், சும்மா எட்டிப் பார்த்துட்டு வந்ததையெல்லாம் அப்படிச் சொல்லக் கூடாதுன்னு தடுத்துடுச்சு. அப்புறம் 1996ல கெடுபிடி திரும்ப வந்தது. சட்டப்படி இல்லாம 180 நாளுக்கு மேல தங்கிட்டு வெளியே போனா 3 வருஷம், ஒரு வருஷத்துக்கு மேல தங்கியிருந்தா 10 வருஷம் திரும்ப வர முடியாது. கவனிங்க, தங்கினதால மட்டும் இந்தத் தடை விழாது. கிளம்பினாத்தான் விழும்.

இந்த 10 வருஷத் தடையை அசைச்சது நம்ம நாட்டுத் தம்பதிதான். அராபள்ளி, எராபெள்ளின்னு அந்த வழக்குக்கே அவங்க பேர். பச்சை அட்டைக்கு விண்ணப்பிச்சுட்டு, முறையா அட்வான்ஸ் பரோல் வாங்கி, வயசான அப்பா அம்மாவைப் பார்க்க இந்தியா போய் வந்தாங்க. வந்தப்புறம், நீங்க "கிளம்பிட்டீங்க", 10 வருஷம் தடைன்னு சொல்லிட்டாங்க. 2012ல குடிவரவு மேல்முறையீட்டு வாரியம், நாமே போய் வான்னு சீட்டு கொடுத்துட்டு அதையே குத்தமா சொல்றது சரியில்லைன்னு முடிவு பண்ணுச்சு. 1888ல சே சான் பிங் கேட்டதும் இதைத்தானே? பதில் கிடைக்க 124 வருஷம்.

எனக்கு அந்தச் சீட்டு வந்து சேரலை. அவசரம்னா நேர்ல போய்க் கேட்க வழி உண்டு. ஆஸ்பத்திரிக் காகிதத்தையெல்லாம் மொழிபெயர்த்து, நேர்ல போக நாள் வாங்கறதுக்குள்ள அப்பத்தா போயிட்டாங்க. "சீட்டு இல்லாம வராதப்பா. வந்து மாட்டிக்கிட்டா அந்தப் புள்ள அங்க தனியா என்ன பண்ணும்?"னு அப்பா போன்ல சொன்னார். அம்மாவைப் பறிகொடுத்த மனுஷன், அந்த நேரத்துலயும் என் விண்ணப்பத்தைப் பத்திப் பேசறார்.

எங்க பக்கம் பேரன் பேத்திங்க நெய்ப்பந்தம் பிடிக்கணும். பச்சை அட்டை வந்தப்புறம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா மகன் சொன்னான், "ஒனக்காக ஒரு பந்தத்தையும் சேர்த்து நானே புடிச்சேண்ணே. ரெண்டு கையிலயும்."

அவன் வலது கை மணிக்கட்டுல நெய் சொட்டின தழும்பு இருக்கு. மெசெய்க்கும் எனக்கும் நடுவுல 70 வருஷம் இருக்கும். அவர் கிளம்பினார், நான் கிளம்பலை. எது சரின்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை மக்களே. ரெண்டு பேருமே பார்க்க நினைச்ச முகத்தைப் பார்க்கலை.