பணி நிறைவுச் சான்றிதழ்: வீடு வாங்கும் முன் கேளுங்கள்

வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஃபிளாட் வாங்கும் பலர், வரைபட அனுமதி இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறார்கள். அது கட்டுவதற்கான அனுமதிதான். அதன்படியே கட்டி முடித்திருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் பணி நிறைவுச் சான்றிதழ்.

தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின் கீழ் இது வழங்கப்படுகிறது. மாடிகள், உயரம், சுற்றிலும் விட வேண்டிய காலியிடம், வாகன நிறுத்துமிடம் ஆகியவை வரைபடத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று அதிகாரிகள் பார்ப்பார்கள். சிறிய குடியிருப்புகளுக்கு விலக்கு உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்று அனுமதி தந்த அலுவலகத்தில் கேளுங்கள்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்கும் வரைபட அனுமதி இருந்தது. தாளில் உள்ளதும் தரையில் எழும்புவதும் ஒன்றுதானா என்று பார்ப்பது அதனால்தான் அவசியம்.

சான்று பெற்ற பிறகே கட்டடத்தை ஒப்படைக்க வேண்டும், மின், குடிநீர் இணைப்புகளும் அதன் பிறகே தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 அன்று உத்தரவிட்டது.

கட்டி முடிந்த வீடென்றால் சான்றின் நகலைக் கேளுங்கள். வேலை நடக்கிறதென்றால், சான்று கையில் வந்த பிறகே கடைசித் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கட்டி விற்பவர்களுக்கோ, அங்கே குடியேறும் குடும்பங்களின் உயிர் ஓர் அமானிதம்.