குதிரை இல்லாத ரேஸ்கோர்ஸ்

அந்தியூர்க்காரனுக்குக் குதிரையைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதம் குருநாதசுவாமி திருவிழா வந்தால் கத்தியவாரும் மார்வாரும் லாரி லாரியாய் வந்து இறங்கும். பல்லைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடும் கிழவர்கள் அங்கே உண்டு. அப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்த என் தங்கை மகன், கோயம்புத்தூர் போனதும் முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டது ரேஸ்கோர்ஸைத்தான்.

பார்த்தான். அகன்ற சாலை, நிழல் மரங்கள், தொப்பையைக் கரைக்க வேர்த்து விறுவிறுத்து நடக்கும் பெரிய மனிதர்கள்.

"ஏனுங்க மாமா, குதிரையெல்லாம் எங்கீங்க?"

"வெள்ளைக்காரனோடு போய்விட்டது" என்றேன். உண்மையும் ஏறக்குறைய அதுதான்.

பையனுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் இந்த நகரம் பந்தயத்தை விட்டுவிடவில்லை. குதிரையை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். 1888-ல் ஸ்டேன்ஸ் துரை இங்கே நூற்பாலை தொடங்கினார். 1932-ல் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்ததும் ஆலைகள் மளமளவென்று பெருகின. ஆலை என்றால் யந்திரம் பழுதாகும்; உதிரி பாகம் சீமையிலிருந்து வரும்வரை யார் காத்திருப்பது? உள்ளூர்ப் பட்டறைகளிலேயே கடைந்து பார்த்தார்கள். கடைசல் பழகிய கை சும்மா இருக்குமா? பம்பு செய்தது, மோட்டார் செய்தது. ஆலைப் பணம் சினிமாவிலும் பாய்ந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' 1947-ல் உருவானது இவ்வூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில்தான்.

ஆலைக் குடும்பத்துப் பிள்ளை கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை ஆள் பந்தயக் காரே கட்டிவிட்டார். பணக்காரப் பொழுதுபோக்கு என்று நானும் ஒரு காலத்தில் உதட்டைப் பிதுக்கியவன்தான். ஆனால் விலை மலிவான அந்த ஃபார்முலா மாருதியில் ஓட்டத் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். கரிவரதனுக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1995-ல் விமான விபத்தில் மாண்டார். செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே போன பிறகுதான் பையன் பழையபடி சிரித்தான்.

திரும்பும்போது பஸ் அவினாசி சாலையில் சின்னியம்பாளையத்தைத் தாண்டிற்று. இங்கேயும் நினைவிடம் ஒன்று உண்டு என்றேன். "யாருக்குங்க மாமா? அவங்களும் கார் ஓட்டுனவங்களா?"

இல்லை, நூல் நூற்றவர்கள். ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர்கள், சங்கம் வைத்தவர்கள். தொழிலாளருக்குத் தொல்லை கொடுத்துவந்த ரௌடி ஒருவன் கொலையுண்ட வழக்கில் நால்வருக்கும் மரண தண்டனை விதித்தார்கள். வ.உ.சி. செக்கிழுத்த அதே கோவைச் சிறையில், 1946 ஜனவரி 8-ம் தேதி, நால்வரையும் தூக்கிலிட்டார்கள். சுதந்திரம் வர இன்னும் 19 மாதம்தான் இருந்தது.

பையன் பெயர்களைக் கேட்டான். ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன். விரல் மடக்கிச் சொல்லிப் பார்த்தான். அவினாசி வருவதற்குள் நான்காவது பெயர் மறந்துவிட்டது. மறுபடியும் சொன்னேன்.