கணினி அகராதித் தேடலில் பொய்விடை: ஒரு வரலாற்றுக் குறிப்பு

கணினியில் சேமித்த அகராதி பொருள் கூறுவதற்கு முன், கேட்ட சொல் தன்னிடம் உண்டா, இல்லையா என்று கூற வேண்டும். இவ்விடை பொய்க்கும் இடங்களைத் தொடர்ந்து சென்றால் தேடல் முறைகளின் வரலாறு தெளிவாகும்.

நடுவில் திறந்து, வேண்டாத பாதியைக் கழித்துச் செல்லும் இருபகுப்புத் தேடலை ஜான் மாக்லி 1946ஆம் ஆண்டு மூர் பள்ளி விரிவுரைகளில் எடுத்துரைத்தார். 1,00,000 சொற்களுள் ஒன்றைக் காண 17 ஒப்பீடுகள் போதும். ஆனால் பட்டியல் வரிசை பிறழாதிருத்தல் வேண்டும். 1953இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் முன்மொழிந்த ஹாஷ் முறை வரிசையையே துறந்தது. சொல்லைக் கணக்கிட்டு எண்ணாக்கி, அவ்வெண் காட்டும் இடத்திற்கு நேரே செல்வது அம்முறை.

இதனை எல்லைவரை கொண்டு சென்றவர் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மக்கில்ராய். 1970களில் யூனிக்ஸ் எழுத்துப்பிழை காட்டியை அவர் செம்மைப்படுத்தியபோது, பி.டி.பி.-11 கணினியில் ஒரு நிரலுக்குக் கிடைத்த நினைவிடம் 64 கிலோபைட்டு மட்டுமே. 30,000 ஆங்கிலச் சொற்களை எழுத்தெழுத்தாக வைக்க அது போதாது. எனவே சொற்களை 27 பிட்டு எண்களாக்கி, ஏறுவரிசையில் அடுக்கி, அடுத்தடுத்த எண்களின் வேறுபாடுகளை மட்டும் சுருக்கி வைத்தார். ஒரு சொல்லுக்கு 14 பிட்டுக்கும் குறைவாகவே செலவாயிற்று. பிழையான சொல்லின் எண் தற்செயலாகப் பட்டியலில் உள்ள எண்ணோடு ஒத்துவிட்டால் அது சரியென ஏற்கப்படும். இதற்கான வாய்ப்பு 4,000இல் ஒன்றினும் சற்றுக் குறைவு. பட்டியலில் உள்ள சொல்லை இல்லை என்பது மட்டும் நிகழாது. துணிந்து செய்த நல்ல பேரம் அது.

தமிழில் பொய்விடையின் திசை மாறிவிடுகிறது. யூனிகோடில் ‘கொடி’ என்பதன் முதலெழுத்தைக் ககரமும் ஒகரக் குறியுமாக எழுதலாம். ககரம், எகரக் கொம்பு, கால் எனப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஹாஷ் எண்களோ வேறாகும். இரண்டும் நிகர் என்று கூறி, ஒருவடிவாக்கும் விதியையும் யூனிகோடு தந்துள்ளது. அவ்விதியைப் பின்பற்றாத நிரல், தன்னிடம் உள்ள கொடியையே இல்லை எனும்.

இருபகுப்புத் தேடலும் இவ்விடர்க்கு விலக்கன்று. தமிழ் நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய். யூனிகோடில் அது நகரத்தை அடுத்து நிற்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் அச்சு வரிசையை அப்படியே உள்ளிட்டுக் குறியெண்ணால் ஒப்பிட்டால், ‘வனம்’ தேடும் நிரல் நடுவில் ‘வலம்’ கண்டவுடன் பின்பாதியைக் கழித்துவிடும். வனம் இருப்பதோ அந்தப் பாதியில்.

எழுத்து எழுத்தாகக் கிளைபிரியும் டிரை அமைப்பை 1959இல் ரெனே டி லா பிரியாண்டேயும், 1960இல் எட்வர்டு ஃபிரெட்கினும் விளக்கினர், பெயரிட்டவர் ஃபிரெட்கின். ‘வீடுகளை’ என்னும் சொல்லைத் தொடரும் அது வழியிலேயே ‘வீடு’ என்பதைக் கண்டுகொள்ளும். ‘மரங்களை’ என்றால் ‘மர’ என்பதோடு நின்றுவிடும். மக்கில்ராயின் நிரல் ஆங்கில ஒட்டுகளைச் சில விதிகளால் நீக்கியது. அதனைத் தமிழுக்குச் செய்ய நன்னூலின் புணரியல்களையே பின்னோக்கி இயங்கும் விதிகளாக எழுத வேண்டும்.