விலக்க முடியாத அதிகாரம்: ஐரோப்பிய ஒருங்கிணைப்பும் இடதுசாரி விமர்சனமும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் எதிர்ப்பாளர்கள் என்றதும் இன்று வலதுசாரித் தேசியவாதிகளே நினைவுக்கு வருகின்றனர். வரலாறு அவ்வளவு எளிமையானதன்று. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் நீடிப்பதா என்பது குறித்து 1975 ஜூன் 5 அன்று பிரிட்டன் பொதுவாக்கெடுப்பு நடத்தியது. வெளியேற வேண்டும் என்று வாதிட்டோருள் முதன்மையானவர், தொழிற்கட்சியின் இடதுசாரி அமைச்சர் டோனி பென். கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் மார்கரெட் தாட்சரோ நீடிப்பதை ஆதரித்தார். 67 விழுக்காட்டினர் நீடிக்கவே வாக்களித்தனர்.

பென்னின் வாதத்தின் மையம் இனமோ எல்லையோ அன்று; பொறுப்புடைமை. சட்டம் இயற்றுவோரை வாக்குச்சீட்டால் விலக்க முடியாவிடில் அது மக்களாட்சி ஆகாது என்பதே அவர் நிலைப்பாடு. அப்போது ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு நேரடித் தேர்தல்கூட இல்லை. முதல் தேர்தல் 1979இல்தான் நடந்தது.

இதே குறையைக் கண்டும் நேரெதிரான தீர்வை முன்வைத்தவர் இத்தாலிய இடதுசாரி அல்டியேரோ ஸ்பினெல்லி. முசோலினி அரசால் வென்டொடேனே தீவில் சிறைவைக்கப்பட்டிருந்த அவர், 1941இல் எர்னஸ்டோ ரோசியுடன் இணைந்து ஐரோப்பியக் கூட்டாட்சிக்கான அறிக்கையை எழுதினார். அவர் முன்னின்று உருவாக்கிய ஒன்றிய ஒப்பந்த வரைவை ஐரோப்பிய நாடாளுமன்றம் 1984இல் நிறைவேற்றியது. உறுப்பு நாடுகளின் அரசுகள் அதை ஏற்கவில்லை. பென் அதிகாரத்தைத் தேசிய நாடாளுமன்றத்துக்கு மீட்க விழைந்தார். ஸ்பினெல்லி ஐரோப்பாவுக்கே வலுவான நாடாளுமன்றம் வேண்டினார். நடைமுறையில் இரண்டும் முழுமையாக நிகழவில்லை.

1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம், எந்த அரசிடமிருந்தும் அறிவுறுத்தல் பெறக்கூடாத மத்திய வங்கிக்கு வழிவகுத்தது. அதன் விளைவு 2015இல் கிரேக்கத்தில் வெளிப்பட்டது. கடன் வழங்குவோர் விதித்த நிபந்தனைகளை ஜூலை 5 அன்று 61 விழுக்காட்டினர் நிராகரித்தனர். வங்கிகள் ஏற்கெனவே மூடிக் கிடந்தன. ஜூலை 13 அன்று இடதுசாரி சிரிசா அரசு, நிராகரிக்கப்பட்டவற்றுக்குச் சற்றும் குறையாத நிபந்தனைகளை ஏற்றது.

ஜெர்மன் வாக்காளரும் வாக்காளரே, அவர்கள் வரிப்பணத்துக்கும் பொறுப்பு உண்டு என்ற மறுமொழியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் பேச்சுவார்த்தை நடந்த யூரோ குழுமம், ஒன்றிய ஒப்பந்தத்தின் நெறிமுறைப்படியே முறைசாராக் கூட்டமாகும். அதில் அமரும் ஒவ்வொரு நிதியமைச்சரும் தம் நாட்டு நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்வார். குழுமம் முழுமையாக எந்த நாடாளுமன்றத்துக்கும் பதில் சொல்வதில்லை. 1975இல் தோல்வியுற்ற வாதம் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் உயிர்ப்புடன் இருந்ததற்கு இந்த இடைவெளியே காரணம்.