வித்தைக்காரரின் முழு உருவம்

சில்வாங் ஷோமே இயக்கி 2010இல் வெளிவந்த ‘தி இல்லூஷனிஸ்ட்’ அனிமேஷன் படத்தை, பழைய நாட்களை எண்ணி உருகும் படம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கோ அது மியூசிக் ஹால் என்ற தொழில் அழிந்த வரலாறாகவே படுகிறது. பாட்டு, கழைக்கூத்து, கண்கட்டு, பேசும் பொம்மை என எல்லாவற்றையும் ஒரே இரவில் ஒரே மேடையில் காட்டிய தொழில் அது. படத்தின் கதை நடக்கும் எடின்பரோவில் 1892இல் எட்வர்டு மாஸ் எம்பயர் பேலஸ் அரங்கைத் திறந்தார். 1911 மே 9 அன்று அந்த மேடையில் பற்றிய தீ, கிரேட் லஃபாயெட் என்ற புகழ்பெற்ற வித்தைக்காரரைப் பலிகொண்டது. அன்று அரங்கில் இருந்த ரசிகர்கள் சுமார் 3000 பேர். அவ்வளவு கூட்டம் கண்ட தொழில், 1955இல் வணிகத் தொலைக்காட்சியும் அதையொட்டி ராக் இசையும் வந்ததும் சில ஆண்டுகளில் படுத்துவிட்டது. படத்தின் கதை நடப்பது 1959இல்.

மூலக்கதை பிரெஞ்சு இயக்குநர் ஜாக் தாத்தி 1950களில் எழுதி, படமாக்காமல் விட்டது. தாத்தியே 1930களில் மியூசிக் ஹாலில் ஊமைநடிப்பு செய்தவர். முகத்தருகே போகாமல் ஆளைத் தலை முதல் கால் வரை காட்டுவது அவர் படங்களின் வழக்கம். மேடைக்கலைஞனை ரசிகன் பார்ப்பதும் அப்படித்தான். ஷோமே அதைக் கையோவியத்தில் தொடர்கிறார். படத்தின் நாயகனான வேலையற்ற வித்தைக்காரர் ஒரு பெரிய கடையின் கண்ணாடி ஜன்னலுக்குள் நின்று, வித்தை காட்டியபடி சரக்குக்கு விளம்பரம் செய்கிறார். தாத்தியின் சாயலிலான அந்த நெட்டை உடம்பின் கூச்சத்தை வசனமில்லாமல் கோடுகளே சொல்லிவிடுகின்றன. 1982இல் மறைந்த தாத்தியின் உடல்மொழியை இன்னொரு நடிகர் நடித்துக் காட்டியிருந்தால் அது வெறும் மிமிக்ரி ஆகியிருக்கும்.

மூலக்கதை செக்கோஸ்லோவாக்கியாவில் நடப்பது, அதை எடின்பரோவுக்கு மாற்றிய பின் வரலாறு என்பது எப்படி என்று கேட்கலாம். லஃபாயெட் மாண்ட ஊரைவிடப் பொருத்தமான இடம் எது? அழிந்த கலையை அழகுபடுத்திவிட்டார்கள் என்ற குறையும் நிற்காது. இந்த வித்தைக்காரரின் முயல் குண்டு, முன்கோபியும்கூட; கடிக்கும். பேசும் பொம்மைக்காரரின் பொம்மை அடகுக்கடை ஜன்னலில் விலை இறங்கி இறங்கி இலவசத்துக்கு வந்து நிற்கிறது. ஒரு தொழிலின் வீழ்ச்சியை இதைவிடக் கறாராக எந்தக் கணக்கேடும் காட்டாது. எம்பயர் அரங்கும் 1963இல் பிங்கோ கூடமாகிவிட்டது.